பிளாஸ்டிக் தின்னும் பூஞ்சை: கடலுக்குள் அதற்கு வேறு என்ன வேலை?

2024-ல் நெதர்லாந்தின் அரசு கடலாய்வு நிறுவனம் ஒரு முடிவை வெளியிட்டது. பசிபிக் பெருங்கடலில் மிதக்கும் குப்பையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சை, பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கைச் சிதைக்கிறது என்பதே அது. பூஞ்சையின் பெயர் பாரென்ஜியோடோன்டியம் ஆல்பம். செய்தி தமிழுக்கு வந்து சேர்ந்தபோது 'கடலைச் சுத்தம் செய்ய இயற்கையே அனுப்பிய பூஞ்சை' என்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

இதைப் படித்தவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழுவது இயல்பு. ஈரச் சுவரிலும் பழைய ரொட்டியிலும் பூக்கும் பூஞ்சைக்கு உப்புக் கடலில் என்ன வேலை? அது பிளாஸ்டிக்கைத் தின்கிறது என்றால், பிளாஸ்டிக் சிக்கல் தீர்ந்ததா? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவதைச் சரியாக எடைபோட முடியும். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

## பூஞ்சை எப்படிச் சாப்பிடுகிறது?

பூஞ்சை செடி இல்லை. சூரிய ஒளியில் உணவு சமைக்க அதற்குத் தெரியாது. உயிரினங்களின் வம்சாவளியில் அது செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கமானது. அதன் செல்சுவர் கைட்டினால் ஆனது. இறாலின் ஓட்டில் இருப்பதும் அதே கைட்டின்தான்.

நாம் உணவை உள்ளே தள்ளிச் செரிக்கிறோம். பூஞ்சை வெளியிலேயே செரித்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. நூலைவிட மெல்லிய இழைகளை உணவுக்குள் ஊடுருவவிட்டு, நொதிகளைச் சுரக்கும். அந்த நொதிகள் பெரிய மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக வெட்டும். கரைந்து வருவதை இழை உறிஞ்சிக்கொள்ளும். மரத்தின் செல்லுலோஸ், கடல்பாசியின் கடினமான சர்க்கரைச் சங்கிலிகள், நண்டு ஓட்டின் கைட்டின் என மற்ற உயிர்கள் எளிதில் தொட முடியாத பொருள்களைப் பூஞ்சையால் உடைக்க முடிவது இந்த வழியில்தான். பிளாஸ்டிக் செய்திக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பிளாஸ்டிக்கும் நீண்ட கரிமச் சங்கிலிதானே.

## எதைக் 'கடல் பூஞ்சை' என்பது?

ஆய்வாளர்களே நெடுநாள் வாதாடிய கேள்வி இது. கடற்கரைக் காற்றில் எப்போதும் பூஞ்சை வித்துத்துகள்கள் மிதக்கின்றன. ஆற்று வெள்ளத்தோடும் வந்து சேர்கின்றன. கடல்நீரை ஒரு தட்டில் ஊற்றி வைத்தால் ஏதோ ஒன்று முளைக்கத்தான் செய்யும். அது கடலில் வாழ்ந்ததா, வெறுமனே விழுந்து கிடந்ததா?

1979-ல் கோல்மேயர் தம்பதியர் வகுத்த பழைய வரையறைப்படி இரண்டு வகை உண்டு. கடலிலோ கழிமுகத்திலோ மட்டுமே வளர்ந்து வித்துவிடும் பூஞ்சைகள் கட்டாயக் கடல் பூஞ்சைகள். நிலத்திலிருந்தோ நன்னீரிலிருந்தோ வந்து கடலிலும் பிழைத்து வித்துவிடக் கூடியவை விருப்பக் கடல் பூஞ்சைகள். இந்தக் கோடு இப்போது தளர்ந்திருக்கிறது. கடலிலிருந்து திரும்பத் திரும்பக் கிடைத்து, அங்கே வளர்கிறது அல்லது வேறோர் உயிரோடு கூடி வாழ்கிறது என்று காட்ட முடிந்தால் போதும் என்பது 2016-க்குப் பிறகு பலர் ஏற்றுக்கொண்ட நிலை. நாம் தொடங்கிய பாரென்ஜியோடோன்டியமே இந்தத் தளர்ந்த வரையறைக்குள்தான் வருகிறது. ஐரோப்பாவின் பழைய சுவரோவியங்களைக் கெடுக்கும் பூஞ்சை என்றும் அதற்குப் பெயர் உண்டு.

எண்ணிக்கையைப் பார்த்தால் ஏற்றத்தாழ்வு பளிச்சென்று தெரியும். உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் சுமார் 1,50,000. உண்மையில் இருப்பவை 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்பது 2017-ல் வந்த மதிப்பீடு. கடலிலிருந்து பெயரிடப்பட்டவையோ 2,000-ஐ ஒட்டித்தான். பூமியின் பரப்பில் 71 விழுக்காட்டை மூடியிருக்கும் கடலுக்கு இவ்வளவுதானா என்றால், தேடியவர்கள் குறைவு என்பதே முக்கியக் காரணம். கடல்நீரையும் சேற்றையும் எடுத்து அதிலுள்ள டி.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் முறை வந்த பிறகு, எந்தப் பெயரோடும் பொருந்தாத பூஞ்சை வரிசைகள் குவிகின்றன. அவற்றில் பலவற்றை யாரும் இன்னும் வளர்த்துப் பார்த்ததில்லை.

## உப்பைத் தாங்குவது எப்படி?

கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு. நிலத்துப் பூஞ்சையை அதில் போட்டால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே ஓடப் பார்க்கும், சோடியம் உள்ளே நுழையப் பார்க்கும். கடலில் வாழும் பூஞ்சைகள் இரண்டையும் சமாளிக்கின்றன. கிளிசராலைப் போன்ற பொருள்களைச் செல்லுக்குள் சேர்த்து வைத்து நீரைப் பிடித்துக்கொள்கின்றன. உள்ளே வந்த சோடியத்தைப் புரத விசைக்குழாய்கள் வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன.

இதில் உச்சம் தொட்டது ஹோர்ட்டேயா வெர்னெக்கி என்ற கறுப்பு ஈஸ்ட். சுலோவேனியாவின் உப்பளங்களில் ஆராயப்பட்ட இது, உப்பே இல்லாத நீரிலிருந்து இனிமேல் உப்பு கரையாது என்னும் செறிவு வரை எங்கும் வளரும். பிரிந்து பெருகும் விதத்திலும் விசித்திரமானது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கரையிலிருந்து எடுத்த கடல் ஈஸ்ட்டுகளை நுண்ணோக்கியில் தொடர்ந்து படம் பிடித்து 2019-ல் வெளியிட்டார்கள். நம் பாடப்புத்தகங்களில் ஈஸ்ட் ஒன்று மொட்டுவிட்டுப் பெருகும், அல்லது நடுவில் பிளந்து பெருகும். இந்தக் கறுப்பு ஈஸ்ட் முதலில் பிளக்கிறது, பிறகு மொட்டுவிடத் தொடங்குகிறது. ஒரே செல்லில் இரண்டு வழக்கமும்.

## கடலில் பூஞ்சை செய்யும் வேலைகள்

1. மரத்தையும் இலையையும் சிதைத்தல்

அதிகம் ஆராயப்பட்டது இதுதான். 1944-ல் அமெரிக்காவில் பார்கோர்ன், லிண்டர் இருவரும் கடலில் மூழ்கிய மரங்களில் பூஞ்சை உண்மையிலேயே வளர்ந்து மரத்தை அரிக்கிறது என்று காட்டினார்கள். அதுவரை மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுக்களின் மீதே பெரும்பாலும் பழி விழுந்திருந்தது. பூஞ்சை, மரத்தின் செல்சுவருக்குள் புகுந்து நுண்குழிகளைக் குடைகிறது. மேற்பரப்பு சோப்பு போல மெத்தென்று ஆகிவிடும். இதற்கு மென்னழுகல் என்று பெயர்.

அலையாத்திக் காடுகள் இவற்றின் களஞ்சியம். சுரபுன்னையின் விழுந்த கிளை பாதி நாள் நீரில், பாதி நாள் காற்றில் கிடக்கும். ஆய்வாளர்கள் அந்தக் கட்டையை எடுத்து, கடல்நீரில் அலசி, ஈரம் காயாத பெட்டியில் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். பிறகு பட்டையின் மேல் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் எழும். பிளேடால் ஒரு புள்ளியைக் கீறி, ஒரு சொட்டு நீரில் வைத்துப் பார்த்தால் உள்ளேயிருந்து வித்துத்துகள்கள் வெளிவரும். பல இனங்களில் அந்தத் துகளுக்கு வால்களும் இறக்கைகளும் இருக்கும். நீர் பட்டதும் சுருள் அவிழ்ந்து நீளும். மூழ்காமல் மிதக்கவும், அடுத்த கட்டையில் ஒட்டிக்கொள்ளவும் அவை உதவுகின்றன. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் கட்டைகளிலிருந்து அறிவியலுக்கே புதிதான பூஞ்சைகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதுபோன்ற பொறுமையான வேலையால் விவரித்திருக்கிறார்கள். நம் கரையிலேயே இப்படி நடக்கிறது என்பது இன்னும் பரவலாகத் தெரிய வேண்டிய செய்தி.

மணற்கரையிலும் இவை உண்டு. கொரோலோஸ்போரா என்ற பூஞ்சை தன் கனியுடலை மணல் துகளில் ஒட்டவைத்து வளர்க்கும். அதன் வித்துகள் அலை நுரையில் சிக்கிக்கொள்ளும். கரையொதுங்கும் நுரையை ஒரு குப்பியில் அள்ளி வந்து நுண்ணோக்கியில் வைத்தால் அவற்றைப் பார்க்கலாம்.

இந்தச் சிதைவினால் கடலுக்கு என்ன லாபம்? அலையாத்தி இலையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதிகம், சத்துக் குறைவு. பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறிய பிறகுதான் அது மென்மையாகி, புரதம் கூடி, நண்டுக்கும் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் உணவாகிறது.

இதில் ஒரு நத்தை ஒரு படி மேலே போய்விட்டது. அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைச் சதுப்புகளில் கோரை போன்ற ஒரு புல்லின் மேல் லிட்டோரேரியா என்னும் நத்தை ஏறித் திரிகிறது. உயிருள்ள இலையை நீளவாக்கில் சுரண்டிக் காயப்படுத்துகிறது. ஆனால் இலை அதற்கு முக்கிய உணவில்லை. காயத்தின் மேல் தன் எச்சத்தைப் போடுகிறது. அதில் பூஞ்சை இழையும் இருக்கிறது, எருவும் இருக்கிறது. காயத்தில் பூஞ்சை தழைக்கிறது, நத்தை திரும்பி வந்து பூஞ்சையை மேய்கிறது. 2003-ல் இதை விவரித்த சில்லிமன், நியூவெல் இருவரும் இதைப் பூஞ்சை வேளாண்மை என்றே அழைத்தார்கள். எறும்பு, கறையான், சில வண்டுகள் எனப் பூச்சிகள் செய்வதாகத்தான் அதுவரை தெரியும்.

2. மிதவைத் தாவரங்களின் ஒட்டுண்ணி

கடல் உணவுச் சங்கிலியின் அடியில் இருப்பவை டயாட்டம் போன்ற ஒருசெல் பாசிகள். அவற்றைத் தாக்கும் பூஞ்சைக் கூட்டம் கைட்ரிட். ஒற்றை வால் கொண்ட கைட்ரிட் வித்து நீரில் நீந்தி வந்து, டயாட்டத்தின் கண்ணாடி ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். வேர் போன்ற இழையை உள்ளே விட்டுச் சத்தை உறிஞ்சும். வெளியே ஒரு பை உப்பிக்கொண்டே போகும். முற்றியதும் பை திறந்து, புதிய நீந்தும் வித்துகள் கிளம்பும். டயாட்டம் வெற்றோடாக மிஞ்சும்.

இதில் கேட்டைப் போலவே ஒரு கொடையும் இருக்கிறது. பெரிய டயாட்டங்களைச் சிறிய விலங்கு மிதவைகளால், அதாவது நீரில் மிதந்து திரியும் நுண்விலங்குகளால், விழுங்க முடியாது. அவை உண்ணப்படாமலே மூழ்கிவிடும். கைட்ரிட் வித்து சில மைக்ரோமீட்டர் அளவுதான், அதில் நல்ல கொழுப்பும் இருக்கிறது. விலங்கு மிதவை அதை எளிதில் உண்கிறது. ஆக, பூட்டிக் கிடந்த உணவு பூஞ்சை வழியாகச் சங்கிலிக்குள் திரும்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர் மைக்கோ ககாமியும் உடன்பணியாற்றியவர்களும் ஏரிகளில் இதை முதலில் காட்டினார்கள். மைக்கோலூப் என்று அதற்குப் பெயர். கடலிலும் இதே பாதை இயங்கும் என்று எதிர்பார்க்க வலுவான காரணம் உண்டு. ஆர்க்டிக் கடலின் பனியிலும் படிவிலும் பூஞ்சைகளில் கைட்ரிட்டுகளே மிகுதி என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே டயாட்டங்களின் மேல் அவை ஒட்டியிருப்பதும் பார்க்கப்பட்டது.

3. ஆழத்தில் கார்பனைப் பிரித்தல்

மேல்மட்டத்தில் இறந்த பாசி, எச்சம், சளி எல்லாம் சேர்ந்து செதில்களாக அடியை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். கடல்பனி என்பார்கள். காற்றிலிருந்து கடல் வாங்கிய கார்பன் ஆழத்துக்குப் போகும் முக்கிய வழி இது. வழியில் எவ்வளவு சிதைகிறது, எவ்வளவு அடி சேர்கிறது என்பது பருவநிலைக் கணக்கிலேயே பெரிய எண்.

இந்தச் சிதைவு முழுக்க பாக்டீரியாவின் வேலை என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2017-ல், ஆயிரம் மீட்டருக்குக் கீழே எடுத்த கடல்பனித் துகள்களைச் சாயமேற்றிப் பார்த்தபோது, எடைக் கணக்கில் பூஞ்சைகளும் லேபிரிந்துலா என்ற பூஞ்சை போன்ற உயிர்களும் பாக்டீரியாவை விஞ்சியிருந்தன. சிலி நாட்டுக் கரையில் அடியிலிருந்து சத்துநீர் மேலெழும் பகுதியிலும் பூஞ்சையின் எடை பாக்டீரியாவுக்குச் சமமாக வந்த காலங்கள் உண்டு. என் பார்வையில், கடல் பூஞ்சையைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய முதன்மைக் காரணம் இதுதான். பிளாஸ்டிக் இரண்டாம் பட்சம்.

இன்னும் கீழேயும் இவை இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 5,000 மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து கோவா தேசிய கடலியல் நிறுவனத்தின் சந்திரலதா ரகுகுமார் குழுவினர் பூஞ்சைகளை உயிரோடு பிரித்தெடுத்தார்கள். உயர் அழுத்தத்திலும் குளிரிலும் அவை வளர்ந்து நொதி சுரந்தன. 2012-ல் ஜப்பானின் ஷிமோகிதா கரைக்கு அப்பால் சிக்யூ கப்பல் கடலடித் தரையைத் துளைத்து 2,466 மீட்டர் கீழே போனது. அங்கே, இரண்டு கோடி ஆண்டுப் பழமையான நிலக்கரிப் படுகைகளை ஒட்டியும் பூஞ்சைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஸ்கைசோஃபில்லம் கம்யூன். நம் ஊரில் பட்டுப்போன கிளையில் மழைக்காலத்தில் சாம்பல் நிற விசிறியாக முளைக்கும் அதே காளான் இனம்.

4. கூடி வாழ்தல்

அலை தொடும் பாறைகளில் தெரியும் கறுப்புப் பட்டை பல நாடுகளில் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த கூட்டுயிர். கடல்பாசிக்குள் வெளியே தெரியாமல் குடியிருக்கும் பூஞ்சைகளும் ஏராளம். தமிழ்நாட்டுக் கடற்கரைப் பாசிகளுக்குள் வாழும் இவற்றைச் சென்னை விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் சூரியநாராயணன் குழுவினர் 2010-ல் பட்டியலிட்டார்கள். பாசிக்கு இவை காவலா, வாடகைக்காரர்களா என்பது இனத்துக்கு இனம் மாறும்.

5. மருந்து

1945-ல் இத்தாலியின் சார்டினியாத் தீவில் காலியாரி நகரக் கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜூசெப்பே பிரோட்சு ஒரு பூஞ்சையை எடுத்தார். அது பாக்டீரியாவைக் கொன்றது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாம், நியூட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்ற பாக்டீரியாக்கொல்லியைப் பிரித்தார்கள். இன்று மருந்துக்கடையில் 'செஃப்' என்று தொடங்கும் மாத்திரைகளும் ஊசிகளும் அந்த வழி வந்தவை. எடுத்த இடம் கழிவு வாய்க்கால் என்பதால் இதை அசல் கடல் பூஞ்சை என்று கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் கடல்நீரில் மருந்து தேடலாம் என்ற எண்ணத்துக்கு அது வலு சேர்த்தது.

## சரி, பிளாஸ்டிக்கை என்ன செய்யும்?

2024 ஆய்வின் எண்களைக் கவனமாகப் படித்தால் தலைப்புச் செய்தி தானாகவே சுருங்கிவிடும்.

1. வேகம். ஆய்வகத்தில் அது பாலிஎத்திலீனைச் சிதைத்த அளவு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 விழுக்காடு. 100 கிராம் பையில் நாளைக்கு 50 மில்லிகிராம்.

2. நிபந்தனை. புற ஊதா ஒளி பட்டு ஏற்கெனவே நொய்ந்துபோன பிளாஸ்டிக்கை மட்டுமே அது சிதைத்தது. வெயில் முதலில் சங்கிலியை அறுத்துத் தர வேண்டும். கடலில் மூழ்கிய பிளாஸ்டிக்குக்கு அந்த வெயில் கிடையாது.

3. விளைவு. உடைந்த கார்பனில் பெரும்பகுதி கரியமில வாயுவாக வெளியேறியது. பூஞ்சை தன் உடலாக மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான்.

மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த இரண்டு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைகளைக் கொண்டு 2015-ல் வெளியான சோதனையில், அடர் பாலிஎத்திலீனின் எடை 30 நாளில் சுமார் 6 முதல் 8.5 விழுக்காடு வரை குறைந்தது. கேட்க வேகமாக இருக்கிறது. ஆனால் அது ஆய்வகக் குடுவையில், அந்தப் பூஞ்சைக்கு ஏற்றபடி அமைத்த சூழலில் நடந்தது. திறந்த கடலில் அப்படி யாரும் அமைத்துத் தரப் போவதில்லை. மேலும், எடை குறைந்ததைக் கொண்டு சிதைவைக் கணக்கிடும்போது, நுண்துகளாக உதிர்ந்து போனதும் கணக்கில் சேர்ந்துவிடக் கூடும். 2024 ஆய்வில் பிளாஸ்டிக்கின் கார்பனுக்கே அடையாளமிட்டு, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். எண் சிறியதானாலும் நான் அதை அதிகம் நம்புவது இதனால்தான்.

உலகம் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் பிளாஸ்டிக் தயாரிக்கிறது. நாளைக்கு 0.05 விழுக்காடு, அதுவும் வெயில் பட்ட மேல்மட்டத்தில் மட்டும் என்ற வேகத்தால் இதை ஈடுகட்ட முடியாது. பூஞ்சையைக் கடலில் தெளித்துப் பார்க்கலாமே என்ற யோசனையும் சரிப்படாது. நொதி கிடைத்தால் அதை மறுசுழற்சி ஆலைக்குள் பயன்படுத்தலாம். அந்தத் திசையில் உழைப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

## நோயும் வெப்பமும்

பூஞ்சை கடலில் நோயும் தரும். 1990-களின் நடுவில் கரீபியன் கடலில் கடல் விசிறி என்னும் மெல்லிய பவள இனம் பெருமளவில் மடிந்தது. விசிறியில் ஓட்டை விழும், அதைச் சுற்றி ஊதா வளையம் எழும். ஆஸ்பர்ஜில்லஸ் சிடோவீ என்ற பூஞ்சையே காரணம் என்று 1998-ல் அறிவித்தார்கள். பிறகு நலமான விசிறிகளிலும் அதே பூஞ்சை இருப்பது தெரிந்தது. இந்தியப் பெருங்கடலின் ஆழ்சேற்றிலும் அது உண்டு. அப்படியானால் பூஞ்சை வந்ததால் மட்டும் நோய் வரவில்லை. நீர் சூடேறி விசிறியின் எதிர்ப்பாற்றல் குறைந்ததும் சேர்ந்தே பார்க்கப்படுகிறது.

மனிதருக்கு நேரடியாகப் பொருந்துவது கேண்டிடா ஆரிஸ். மருத்துவமனைத் தீவிரப் பிரிவுகளில் பரவி, பல மருந்துகளுக்கும் அடங்காத ஈஸ்ட் இது. 2009-ல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே இயற்கையில் எங்கே வாழ்கிறது என்பது பன்னிரண்டு ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் அந்தமான் தீவுகளில் இரண்டு இடங்களிலிருந்து அதைப் பிரித்தார்கள். ஒன்று மக்கள் நடமாடும் மணற்கரை. மற்றொன்று ஆள் புழக்கமில்லாத உப்புச் சதுப்பு.

மணற்கரையில் கிடைத்தவை மருந்துகளுக்கு அடங்காதவை, மருத்துவமனை வகைகளுக்கு நெருங்கியவை. அவை மனிதரிடமிருந்து கடலுக்குப் போயிருக்க வாய்ப்புண்டு. சதுப்பில் கிடைத்த ஒன்றோ மருந்துக்கு எளிதில் அடங்கியது, உயர் வெப்பத்தில் மெதுவாகத்தான் வளர்ந்தது. நம் உடல் சூட்டுக்கு இன்னும் முழுதாகப் பழகாத மூல வகை அதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடலும் கரையும் சூடேறும்போது இத்தகைய பூஞ்சைகள் அந்தப் பழக்கத்தைப் பெறுகின்றன என்ற கருதுகோளுக்கு இது ஆதரவு தருகிறது, ஆனால் அதை நிரூபித்துவிடவில்லை. நிரூபிக்க, வேறு வெப்பமண்டலக் கரைகளின் சதுப்பு மாதிரிகளும் வேண்டும். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற இடங்களும் அந்த வரிசையில் சேர வேண்டியவை.